சிம்னி ஏன் மூச்சுவிடவில்லை?

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. நெருப்பும் இருக்கிறது, புகையும் இருக்கிறது. ஆனால் புகை தான் போக வேண்டிய வழியில் போகாமல் அடுப்பு வாய் வழியாகவே திரும்பி வருகிறது என்றால் என்ன செய்வது? அதற்குப் பழமொழி இருப்பதாகத் தெரியவில்லை. இயற்பியல் இருக்கிறது. அதுவும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை; முதலாண்டில் நாம் அனைவரும் படித்துத் தேர்வெழுதி மறந்த அதே வெப்பவியல்தான். 2024-ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறையில் அதை ஓர் அரிசி ஆலையின் கொதிகலனில் பயன்படுத்திப் பார்க்க எனக்கு நேர்ந்தது. விரும்பிச் செய்த ஆராய்ச்சி அன்று; வேறு வழியில்லாமல் செய்தது. ஆகவே இதில் பிழைகள் இருப்பின் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் தந்தையார் எங்கள் ஊர் அரிசி ஆலை ஒன்றில் 22 ஆண்டுகளாகப் பாய்லருக்கு உமி தள்ளும் வேலை பார்க்கிறார். நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, நீராவியில் அவித்து, களத்தில் உலர்த்தி அரைப்பதுதான் புழுங்கல் அரிசி என்பது நம் பக்கத்து நண்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நீராவிக்கு வேண்டிய எரிபொருளும் நெல்லிலிருந்தே கிடைத்துவிடுகிறது. 100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமி வரும். அந்த உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். விறகுச் சாம்பல் போல் அது கைப்பிடிக்குள் அடங்குவதில்லை, பெரும்பகுதி சிலிகா. எனவே எந்த அரிசி ஆலைக்குப் போனாலும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சாம்பல் மேடு இருக்கும். இந்தச் சாம்பல் மேட்டை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளாததால்தான் 3 நாட்கள் வீணாயின.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, மழை கொட்டிய ஓர் இரவில், அப்பா உமிக்கூடையைத் தூக்கியவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அவியல் வேலை செய்யும் அத்தை ஒருவர் பார்த்துக் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். மழையில் நனைந்தபடி அரைமணி நேரம் கிடந்த பிறகுதான் எழ முடிந்ததாம். அம்மா பசிமயக்கம் என்றார். பக்கத்து வீட்டில் வேறு ஏதோ சொல்லி வேப்பிலை அடித்தார்கள். முதலாளி சொன்னதுதான் எங்களைக் கவலையில் ஆழ்த்தியது. "வயசாயிடுச்சு, உமியைப் பதமாத் தள்ளத் தெரியலை, அதான் புகையுது. பொங்கலுக்கு மேல வேற ஆளைப் பார்த்துக்கலாம்" என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் சேர்ந்தவன் நான். அந்த வேலை போனால் சான்றிதழ் மட்டும் என்னை மூன்றாம் ஆண்டுக்குக் கொண்டுபோகாது.

ஆனால் புகை திரும்புவது அன்று மட்டும் நடந்ததல்ல. இரண்டு மாதங்களாகவே அடுப்பைக் கூட்டும்போதெல்லாம் கொட்டகை முழுவதும் புகை நிறைந்திருக்கிறது. அங்கு வேலை செய்யும் எல்லோருக்கும் தலைவலி. வீட்டுக்கு வந்து காற்றாட உட்கார்ந்தால் தலைவலி குறைந்துவிடும்; மறுநாள் போனால் மறுபடி வரும். இது வயதினால் வரும் தலைவலியாக எனக்குத் தோன்றவில்லை.

சிம்னியின் தத்துவம்

புகை இலேசானது, எனவே மேலே போகிறது என்று சொல்லிவிடுகிறோம். நெருப்பு அதை மேலே தள்ளுகிறது என்றும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் புகையை மேலே அனுப்புவது நெருப்பன்று. வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றின் எடை! தராசின் ஒரு தட்டில் சிம்னிக்குள் இருக்கும் சூடான வாயுத் தம்பம். மறு தட்டில் அதே உயரமுள்ள வெளிக்காற்றுத் தம்பம். கனமான தட்டு இறங்குகிறது, இலேசான தட்டு ஏறுகிறது. வெளிக்காற்று அடுப்பு வாய் வழியே உள்ளே இறங்குவதால்தான் புகை மேலே ஏறுகிறது.

ஆலையின் சிம்னி, செங்கல் பீடத்துக்கு மேல் 40 அடி உயரம், அதாவது சுமார் 12 மீட்டர். (நிழலை அளந்து கண்டேன், உயரங்களும் தூரங்களும் பள்ளியிறுதிப் பாடம்.) 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.165 கிலோ. சார்லஸ் விதிப்படி 200 டிகிரியில் அது 0.746 கிலோ ஆகிவிடும். புகை வாயுவையும் காற்றாகவே கொள்வோம்; பெரிய பிழை வராது. ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் 12 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் வெளிக்காற்று 14 கிலோ. சிம்னிக்குள் நிற்கும் சூடான வாயு 9 கிலோ. வித்தியாசம் 5 கிலோ. ஒரு சதுர மீட்டரில் 5 கிலோ என்பது 5 மில்லிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். அவ்வளவுதான்! ஒரு மாபெரும் கொதிகலனின் மூச்சு முழுவதும் அந்த 5 மில்லிமீட்டர் நீரில்தான் அடங்கியிருக்கிறது. குளத்தில் ஓர் எறும்பு மூழ்கும் ஆழம்கூட இல்லை.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. சிம்னி உயரமாக இருந்தால் மட்டும் போதாது, அதற்குள் இருக்கும் வாயு சூடாகவும் இருக்க வேண்டும். அந்த இழுவை மிகவும் சிறியதாகையால் சிறு தவறும் அதைக் கெடுத்துவிடும்.

எங்கள் இயற்பியல் விரிவுரையாளரிடம் விடுமுறைக்கு முன் இதைப் பற்றிக் கேட்டபோது, "பிராங்க்ளின் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், தெரியுமா?" என்றார். காற்றாடி விட்டு மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளினைத்தான் எனக்குத் தெரியும். அவரே 1785-ஆம் ஆண்டு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் தாயகம் திரும்புகையில், புகையும் சிம்னிகளின் காரணங்களையும் பரிகாரங்களையும் பற்றி நண்பர் இங்கன்ஹௌஸுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினாராம். அதில் 9 காரணங்களைக் கூறுகிறார். முதற் காரணம் என்ன தெரியுமா? அறைக்குள் வரக் காற்றுக்கு வழியில்லாமை! புது வீட்டில் கதவும் சன்னலும் இறுக்கமாகப் பொருந்தியிருப்பதால் உள்ளே காற்று வருவதில்லை. உள்ளே வராத காற்று வெளியே எப்படிப் போகும்? 79 வயதில் கடற்பயணத்தில் அமர்ந்து அடுப்புப் புகையைப் பற்றி எழுதிய அந்தப் பெரியவர் மீது எனக்கு மதிப்பு கூடியது.

எங்கே கோளாறு?

ஊருக்குப் போன முதல் நாளே அப்பாவிடம், "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டேன். "சாம்பலை வண்டியில அள்ளிக்கிட்டுப் போனதுலேர்ந்துதாம்ப்பா" என்றார். ஆவணிக் கடைசியில் செங்கல் சூளைக்காரர் ஒருவர் மேட்டையே விலைபேசி வாரிக்கொண்டு போயிருக்கிறார். கொட்டகைக்கு வெளியே கிடந்த சாம்பலுக்கும் சிம்னிக்குள் போகும் புகைக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? அப்பா காலத்தைக் குறிப்பதற்காக அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் முதலாளியின் கட்சி. ஈர உமியைத் தள்ளினாலும், ஒரேயடியாகக் குவித்தாலும் புகையத்தான் செய்யும், அதை மறுப்பதற்கில்லை. ஆகவே முழுதும் காய்ந்த உமியாக 2 மூட்டை பொறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவச் சொன்னேன். புகையின் நிறம் வெளுத்தது, திரும்புவது நிற்கவில்லை. புகை உண்டாவது வேறு, உண்டான புகை வெளியேறாமை வேறு. முதலாளி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

அடுத்தது என் கட்சி. சிம்னிக்குள் கரி அடைத்திருக்கும், அல்லது புறா கூடு கட்டியிருக்கும் என்று உறுதியாக நம்பினேன். அடுப்பு ஆறிய விடியற்காலையில், சிம்னி அடியிலுள்ள கரி அள்ளும் கதவைத் திறந்து, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து உள்ளே நீட்டினேன். மேலே வானம் ரூபாய் நாணயம் போல முழு வட்டமாகத் தெரிந்தது. வட்டத்தில் எங்கும் கடித்த வடு இல்லை. அடைப்பு இல்லை. என் கட்சியும் தோற்றது.

காற்றடிக்கும் திசையும் காரணமன்று. பக்கத்தில் உயரமான கட்டடம் இருந்தால் அதில் மோதி இறங்கும் காற்று புகையைக் கீழே அமுக்கும்; ஆனால் அது குறிப்பிட்ட திசையில் காற்றடிக்கும் நாட்களில் மட்டுமே நடக்கும். இங்கோ காற்றே இல்லாத நாளிலும் புகைந்தது.

பிராங்க்ளின் கூறிய முதற் காரணத்தைச் சோதிப்பது எளிது. மழைச் சாரலுக்காகக் கொட்டகையின் தகரக் கதவுகளைச் சாத்தி வைப்பது வழக்கம். அடுப்பு நன்றாக எரியும்போது கதவுகளை முழுவதும் திறக்கச் செய்தேன். புகை குறைந்தது. நிற்கவில்லை. ஆக, காற்றுக்குறை ஒரு காரணம்தான், ஆனால் மூல காரணம் வேறு. அப்பா மயங்கியது கதவு சாத்திய மழை இரவில் என்பதும் இப்போது விளங்கிற்று.

இனி ஊகத்தால் பயனில்லை, அளக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். 5 மில்லிமீட்டர் நீரை எப்படி அளப்பது? ஆய்வகத்திலுள்ள ‘ப’ வடிவ அழுத்தமானி போன்ற குழாய்தான் வேண்டும். என் சித்தப்பா கொத்தனார். அவரிடம் மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. அதைக் கடன் வாங்கினேன். நிமிர்த்தி வைத்தால் 5 மில்லிமீட்டரில் ஒன்று கூடினதும் குறைந்ததும் கண்ணுக்குத் தெரியாது. எனவே குழாயை ஒரு மீட்டர் நீளப் பலகையில் ஒட்டி, பலகையின் ஒரு முனையை மட்டும் 10 சென்டிமீட்டர் உயர்த்தினேன். இப்போது நீர் 1 மில்லிமீட்டர் உயர வேண்டுமானால் குழாயில் 10 மில்லிமீட்டர் ஓட வேண்டும்! தாழ்ந்த முனையை மை கலந்த நீருள்ள அகலமான குப்பியின் அடியில் பொருத்தினேன். உயர்ந்த முனையில் ஒரு செப்புக் குழாயை மாட்டி, சிம்னியில் பீடத்துக்குச் சற்று மேலே ஆணி திருகி மூடியிருந்த துளைக்குள் நுழைத்தேன். சித்தப்பா பார்த்துவிட்டு, "செவுத்துக்கு மட்டம் பார்க்கறது தெரியும் தம்பி, புகைக்கு மட்டம் பார்க்கறவனை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார்.

எங்கே அளக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரே இடத்தில் அளந்தால் போதாது. சிம்னி அடியிலும் அளக்க வேண்டும், அடுப்பு வாயிலும் அளக்க வேண்டும். சிம்னி அடியில் இழுவை நன்றாக இருந்து அடுப்பில் இல்லாவிட்டால், இரண்டுக்கும் இடையிலுள்ள புகைப்பாதையில் அடைப்பு. சிம்னி அடியிலேயே இழுவை இல்லையென்றால், நோயாளி சிம்னிதான். நான் அளந்தபோது அடுப்பு வாயில் இழுவை சுழியம். சில சமயம் மை எதிர்ப்பக்கம் ஓடிற்று. சிம்னி அடியில் ஒன்றரை மில்லிமீட்டர். கணக்குப்படி 5 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை! உராய்வுக்குக் கொஞ்சம் கழித்தாலும் இது மிகக் குறைவு.

அடைப்பில்லாத, உயரம் குறையாத சிம்னியில் இழுவை குறைய வேண்டுமானால் மிச்சமிருப்பது வெப்பநிலை ஒன்றுதான். வேதியியல் ஆய்வகத்தில் கேட்டு வாங்கி வந்திருந்த, 360 டிகிரி வரை அளக்கும் வெப்பமானியைத் தகரக் குழலுக்குள் பத்திரமாகச் செருகிப் பார்த்தேன். கொதிகலனை விட்டுப் புகை வெளியேறும் செங்கல் பாதையில் 210 டிகிரி. அங்கிருந்து சில அடி தள்ளி, சிம்னி அடியில் 110 டிகிரி!

நான்கைந்து அடிக்குள் 100 டிகிரி எங்கே போயிற்று? சுவர் வழியே அவ்வளவு வெப்பம் போக முடியாது. சுவரில் கை வைக்க முடிகிறது. ஒரே விடைதான் உண்டு: வழியில் எங்கோ குளிர்ந்த காற்று வந்து கலக்கிறது. இங்கேதான் முதலாண்டில் கலோரிமானியில் செய்த கலவை முறை கைகொடுத்தது. 210 டிகிரி வாயு 110-க்கு இறங்குகிறது: இழப்பு 100. 30 டிகிரிக் காற்று 110-க்கு ஏறுகிறது: பெறுவது 80. இழந்த வெப்பமும் பெற்ற வெப்பமும் சமம் என்றால், 4 பங்கு புகைக்கு 5 பங்கு காற்று. சிம்னி மேலே அனுப்பியதில் பாதிக்கு மேல் வெறும் காற்று! அடுப்புப் புகையை இழுக்க வேண்டிய சிம்னி, எங்கோ ஓர் ஓட்டை வழியாகத் தெருக் காற்றைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் காற்று வாயுவைக் குளிரவும் வைக்கிறது, பாதையையும் அடைத்துக்கொள்கிறது.

புகை வெளியே வரும் இடத்தில் கோளாறு இல்லை. காற்று உள்ளே போகும் இடத்தில்தான் கோளாறு. உள்ளே போகும் காற்றுக்கு நிறமில்லை, ஓசையில்லை. அதனால்தான் எல்லோரும் அடுப்பு வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம், அங்கே நிற்பவரையே குற்றம் சொன்னோம்.

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு பாதை நெடுகச் சென்றேன். கரி அள்ளும் கதவருகே பத்தியின் புகை சட்டென்று உள்ளே வளைந்தது. அந்தக் கதவு எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்து, அப்பா நாள்தோறும் சாக்கை வைத்துச் சேறு பூசி மூடி வந்திருக்கிறார். காலையில் சேறு ஈரமாக இருக்கும்வரை பரவாயில்லை. உச்சிப்பொழுதில் காய்ந்து வெடித்துவிடும். இதுதான் என்று துள்ளினேன். புதுச் சேறு அப்பி அளந்தேன். ஒன்றரை, 2 ஆயிற்று. அதற்கு மேல் மை நகரவில்லை.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் சொன்னேனேப்பா, சாம்பல்னு" என்றார் மறுபடியும். இந்தத் தடவைதான் காதில் விழுந்தது. கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கம் போனோம். சாம்பல் மேடு பல ஆண்டுகளாகச் சாய்ந்து கிடந்த இடம் செங்கல் பீடத்தின் பின்சுவர். ஓர் அரசங்கன்று அங்கே முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அதன் வேர் சுவருக்குள் இறங்கி, செங்கற்களை விலக்கி, என் கை நுழையுமளவுக்கு ஒரு வெடிப்பை உண்டாக்கியிருந்தது. ஊதுபத்தியைக் காட்டினேன். புகை மட்டுமன்று, பத்தியின் கங்கே சிவந்து எரிந்தது.

வெடிப்பு இரண்டு மாதத்தில் வந்ததன்று. பல ஆண்டுகளாக இருந்திருக்கிறது. ஆளுயரச் சாம்பல் அதை அடைத்துக் காத்து வந்தது. சாம்பலை விற்ற அன்றே சிம்னியின் மூச்சு போய்விட்டது. அப்பா முதல் நாள் சொன்னது இதைத்தான். அவருக்குக் காரணம் தெரியாது; ஆனால் எது மாறியது என்று தெரியும். எனக்குக் காரணங்கள் 9 தெரிந்திருந்தன.

பழுது நீக்கிய விதம்

தீபாவளிக்காக ஆலை 2 நாள் மூடப்பட்டது. ஒரு நாள் முழுவதும் ஆறவிட்டு வேலையைத் தொடங்கினோம். நீராவி அடைபட்டிருக்கும் எந்தப் பாகத்தையும் நாங்கள் தொடவில்லை. அது உரிமம் பெற்றவர்களின் வேலை. சிம்னியும் பீடமும் மட்டுமே எங்கள் எல்லை.

அரசங்கன்றை வெட்டக்கூடாது என்று அவியல் அத்தை தடுத்துவிட்டார். வேரோடு பெயர்த்துக் குளக்கரையில் நட்ட பிறகே சித்தப்பாவால் கரண்டியை எடுக்க முடிந்தது. சுவருக்குள் மிஞ்சிய வேர்களை விடாமல் தோண்டி எடுத்தோம். விட்டால் மறுபடி துளிர்க்கும். ஆடிய செங்கற்கள் 14 வந்தன. சிமெண்டில் கட்டிவிடலாம் என்றார் சித்தப்பா. தினமும் சூடேறி ஆறும் சுவரில் சிமெண்டுக் கலவை இறுகி நின்று, செங்கல் விரிய இடம் கொடாமல் வெடிக்கும். களிமண்ணோடு சலித்த செங்கற்பொடியும் மணலும் கலந்து உட்பக்கம் கட்டினோம். அது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். மழைக்காக வெளிப்பக்கம் மட்டும் சுண்ணாம்புப் பூச்சு.

கரி அள்ளும் கதவுக்குத் தடித்த இரும்புத் தகடு வெட்டிச் சட்டத்தில் பொருத்தினோம். இடுக்கை அடைக்கக் கடைக்காரர் கல்நார்க் கயிறு இருக்கிறதா என்று தேடினார். வேண்டாமென்று கண்ணாடி இழைக் கயிறு வாங்கினேன். கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கினால் என்னவாகும் என்று படித்திருக்கிறோமே. புகையை நீக்கி அதைக் கொண்டுவருவானேன்? கொட்டகையின் இருபக்கச் சுவரிலும் தரைக்கு அருகே, சாத்த முடியாதபடி, ஆளுக்கொரு சதுர அடி திறப்பு விட்டோம். இது பிராங்க்ளினுக்காக. மொத்தச் செலவு 3,400 ரூபாய். சித்தப்பா கூலி வாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அடுப்பு மூட்டப்பட்டது. சிம்னி குளிர்ந்து கிடந்ததால் தொடக்கத்தில் கொஞ்சம் புகை திரும்பத்தான் செய்தது. எனக்கு வியர்த்துவிட்டது. கால்மணி நேரத்தில் உள்ளே சூடேறியதும் அடுப்பு வாயில் பிடித்த ஊதுபத்திப் புகை உள்ளே சாய்ந்தது. சிம்னி அடியில் வெப்பநிலை 190 டிகிரி. இழுவை 4 மில்லிமீட்டர். அடுப்பு வாயில் ஒன்றரை. அப்பா அளவைப் பார்க்கவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "மூச்சு விடுது" என்றார். உமி எரியும்போது அடுப்புக்குள் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கும். இரண்டு மாதமாக அது கேட்கவில்லையாம்.

புகையில்லாத புகை

அன்றிரவு அப்பாவைச் சாய்த்தது கண்ணில் தெரிந்த கரிப்புகை அன்று. அதோடு வந்த கார்பன் மோனாக்சைடு. எரிவதற்குப் போதிய காற்று இல்லாத இடத்திலெல்லாம் அது உண்டாகும். நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணும் எரியாது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடமிருக்காது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், கால் தளர்ச்சி. அதற்குப் பின் எழுந்து வெளியே போக வேண்டும் என்ற எண்ணமே வராது. நல்ல காற்றில் கிடத்தினாலும் இரத்தத்தில் ஏறியது பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். அப்பாவை வெளியே இழுத்துப்போட்ட அத்தைக்கு இந்த வேதியியல் தெரியாது. ஆனால் அவர் செய்ததுதான் சரியான முதலுதவி. அதன்பின் மருத்துவரிடமும் காட்டியிருக்க வேண்டும், நாங்கள் காட்டவில்லை. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த வாயுவைக் கண்டறிய 1986 வரை கூண்டில் சிறு குருவிகளைக் கொண்டுபோனார்கள். மனிதனுக்கு முன் குருவி மயங்கிவிடும். எங்கள் ஆலையில் அப்பாதான் குருவி.

உமி எரிந்ததால் புகையாவது எச்சரித்தது. எரிவாயு எரியும் கொதிகலனில் அந்த எச்சரிக்கையும் இல்லை. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கவும் வெந்நீருக்கும் எரிவாயுக் கொதிகலன் வைத்திருக்கிறார்கள். பல வீடுகளில் நிலக்கரிக் காலத்துச் செங்கல் சிம்னியையே அதற்கும் பயன்படுத்தினார்கள். அங்கே வேறொரு சிக்கல் வந்தது. ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 2.25 கிலோ நீராவி உண்டாகிறது. சமன்பாட்டை எழுதிப் பாருங்கள், தெரியும். எரிவாயுப் புகை நிலக்கரிப் புகை அளவுக்குச் சூடானதன்று. அகன்ற, குளிர்ந்த செங்கல் சிம்னியில் ஏறும்போது சுமார் 55 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நீராவி சுவரிலேயே நீராகப் படியும். அந்த நீர் அமிலத்தன்மை கொண்டு சுண்ணாம்புக் காரையைத் தின்றுவிடும். அதனால் சிம்னிக்குள் குறுகலான துருப்பிடிக்காத எஃகுக் குழாயை இறக்குகிறார்கள். குறுகலான குழாய் சூடாகவே இருக்கும், இழுவையும் நிற்கும். பழுது பார்ப்பவர்கள் கதவு சன்னல்களைச் சாத்திவிட்டு, புகையும் குச்சி ஒன்றைக் கொதிகலனின் புகைவாய் அருகே பிடிக்கிறார்கள். புகை உள்ளே போனால் நலம், வெளியே சுருண்டால் உடனே அணைத்துவிட வேண்டும். எங்கள் ஊதுபத்தியின் அண்ணன் அது.

நம் ஊரிலும் இப்போது குளியலறைகளில் எரிவாயு வெந்நீர்க் கருவி வருகிறது. சிலர் சிம்னிக் குழாயே இல்லாமல், சன்னலைச் சாத்திக்கொண்டு குளிக்கிறார்கள். நம் நாட்டில் இதனால் உயிரிழந்தவர்கள் உண்டு. கருவியைக் குளியலறைக்கு வெளியே வைத்துத் தண்ணீரை மட்டும் உள்ளே கொண்டுவருவது எவ்வளவோ மேல். விடுதிகளிலோ அறை எடுத்தோ தங்கும் நண்பர்கள் இதை ஒருமுறை கவனிக்க வேண்டுகிறேன். குளித்து முடிக்கும்போது தலைவலித்து, வெளியே வந்ததும் விட்டுவிட்டால், அது குளிரால் வந்த தலைவலி அன்று.

முதலாளி எங்களிடம் எதுவும் பேசவில்லை. 3,400 ரூபாயைக் கணக்குப்பிள்ளை மூலம் கொடுத்தனுப்பினார். பொங்கலுக்கு மேல் வேறு ஆள் என்ற பேச்சு பிறகு எழவில்லை. சாம்பலைப் பீடத்தருகே கொட்டாமல் களத்து ஓரம் கொட்டச் சொல்லியிருக்கிறார். அது நல்லதுதான், சுவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சித்தப்பாவின் குழாயை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அப்பா அதைப் பலகையோடு கொட்டகைத் தூணில் ஆணியடித்து மாட்டி, 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார். மார்கழியில் ஊருக்குப் போனபோது மை கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. சிம்னியின் மேல் இணைப்பில் துரு தெரிகிறது என்கிறார். கோடை விடுமுறையில் ஏணி கட்டி ஏறிப் பார்க்க வேண்டும்.